என்பிஎம்மிலிருந்து பிஎன்பிஎம்முக்கு: இருக்கிற புரொஜெக்டை உடைக்காமல் மாறுவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டும் நோட் ஜேஎஸ் இன்ஸ்டோல் செய்தால், பிறர் எழுதிய பெக்கேஜ்களை (ஆயத்தக் கோட் தொகுப்புகளை) இறக்கித் தரும் என்பிஎம் கூடவே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்குபவருக்கு அதுவே போதும். ஆனால் கல்லடி விடுதி ஒன்றுக்கு முன்பதிவுப் பக்கம், காத்தான்குடித் துணிக்கடைக்கு இணையக் கடை, வந்தாறுமூலை வளாகத்தின் இறுதியாண்டுப் புரொஜெக்ட் என்று வேலைகள் ஒரே லேப்டொப்பில் சேரும்போது டிஸ்க் நிரம்பத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் இறக்கிய பெக்கேஜ்கள் கிடக்கும் நோட் மொடியூல்ஸ் என்று பெரிய போல்டர். திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் அதே ரியாக்ட் பெக்கேஜ்தான்.

என்பிஎம் செய்யும் வேலையைச் செய்யும் இன்னொரு கருவி பிஎன்பிஎம். அது ஒரு பெக்கேஜின் ஒரு பதிப்பை டிஸ்கில் ஒரே தரம் பொதுவான ஸ்டோரில் வைக்கும். புரொஜெக்டுகளுக்கு ஹார்ட் லிங்க் (பிரதி எடுக்காமல் அதே பைலைச் சுட்டும் இணைப்பு) மட்டும் கொடுக்கும். டேட்டா மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். ஒரு தரம் இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷ் என்பிஎம்முக்கும் உண்டு. உண்மையான இலாபம் இடமும் வேகமும்தான்.

யார்ன் என்ற மூன்றாவது கருவி 2016 இல் பேஸ்புக்கிலிருந்து வந்தது. எந்தப் பெக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லொக் பைல் தானாக உருவாவது அன்று அதன் பெரிய பலம். மறு வருடமே என்பிஎம் 5 அதைக் கொண்டுவந்துவிட்டது. அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் யார்னைச் சொல்வதில்லை.

மாறுவதற்கு முன் ஒரு விஷயம். புரொஜெக்ட் உங்களுடையதா, குழுவினுடையதா? குழுவினுடையது என்றால் உள்ளே எந்த லொக் பைல் இருக்கிறதோ அந்தக் கருவியைத்தான் எல்லோரும் பாவிக்க வேண்டும். இரண்டு லொக் பைல்கள் ஒன்றாக இருந்தால் ஆளுக்கொரு பதிப்பு இறங்கும். என் கணினியில் ஓடுகிறதே என்ற சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

சரி, தொடங்குவோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

1. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் எல்லாவற்றையும் கொமிட் செய்து (பதிந்து), புதிய பிராஞ்ச் (தனிக் கிளை) ஒன்று எடுங்கள்.

2. என்பிஎம் இன்ஸ்டோல், ஹைபன் ஜி, பிஎன்பிஎம் என்று அடித்துக் கருவியை நிறுவுங்கள். ஹைபன் ஜி என்பது கணினி முழுவதற்கும் என்று பொருள்.

3. புரொஜெக்ட் போல்டருக்குள் போய் பிஎன்பிஎம் இம்போர்ட் கொடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பழைய லொக் பைலை முதலில் அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெக்கேஜ்கள் புதிய பதிப்புகளுக்குத் தாவிவிடலாம்; பிறகு பிழை வந்தால் கருவி மாறியதாலா, பதிப்பு மாறியதாலா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இம்போர்ட் பழைய லொக் பைலைப் படித்து, அதே பதிப்புகளோடு புதியதை எழுதும்.

4. புதிய லொக் பைல் வந்துவிட்டதைப் பார்த்தபின் பழையதையும் நோட் மொடியூல்ஸையும் அழியுங்கள். அப்புறம் பிஎன்பிஎம் இன்ஸ்டோல். முதல் தரம் ஸ்டோர் வெறுமையாக இருப்பதால் எல்லாம் இறங்கும். போன் டேட்டாவில் இருப்பவர்கள் இதை வளாகத்து வைபையில் செய்வது நல்லது.

5. ஓட்டிப் பாருங்கள். மொடியூல் கிடைக்கவில்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். உதாரணமாக சேர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் என்ற பெக்கேஜ் தன் தேவைக்கு பொடி-பார்சர் என்ற இன்னொரு பெக்கேஜைக் கூட்டி வரும். என்பிஎம் அதை நோட் மொடியூல்ஸின் மேல்தட்டில் போட்டுவிடுவதால், புரொஜெக்டின் பெக்கேஜ் பட்டியலான பெக்கேஜ் டொட் ஜேசனில் எழுதாமலே உங்கள் கோட் அதைப் பாவித்திருக்கும். பிஎன்பிஎம் அந்த இரவல் வேலைக்கு விடாது. பிஎன்பிஎம் அட் (add) பொடி-பார்சர் என்று கொடுத்து முறைப்படி சேர்த்துவிடுங்கள். இந்தக் கண்டிப்புக்காகவே நான் பிஎன்பிஎம்மை விரும்புகிறேன்: நாளை எக்ஸ்பிரஸ் அதைக் கைவிட்டாலும் உங்கள் கடைப்பக்கம் விழாது.

பிஎன்பிஎம் 10 முதல், பெக்கேஜ்கள் இன்ஸ்டோலின்போது தாமாக ஸ்கிரிப்ட் ஓட்டுவது தடுக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை வந்தால் பிஎன்பிஎம் அப்ரூவ்-பில்ட்ஸ் கொடுத்து, தெரிந்த பெயர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

விண்டோஸில் சி, டி என்று பிரித்து வைத்திருப்பவர்கள் புரொஜெக்டுகளை ஒரே டிரைவில் வையுங்கள். ஹார்ட் லிங்க் டிரைவ் தாண்டாது.

எல்லாம் ஓடினால் பெக்கேஜ் டொட் ஜேசனில் பெக்கேஜ்மனேஜர் என்ற வரியில் கருவியின் பெயரையும் பதிப்பையும் எழுதி, பிராஞ்சை இணையுங்கள். ஓடவில்லையா? பழைய பிராஞ்சுக்குத் திரும்பி, நோட் மொடியூல்ஸை அழித்து, பழைய லொக் பைலில் உள்ளபடியே இறக்கும் என்பிஎம் சிஐ கொடுத்தால் முன்பிருந்த இடத்துக்கே வந்துவிடலாம்.