சர்வர்ல இருக்கற ஃபைலை லேப்டாப்புக்கு எடுக்கறது எப்படி?

எங்க சோழிங்கநல்லூர் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் நேத்து வந்து "அண்ணா, லாக் ஃபைல் என் லேப்டாப்புக்கு வரவே மாட்டேங்குது"ன்னான். போய் பார்த்தா சர்வருக்குள்ள லாகின் பண்ணிட்டு அங்கேந்து எஸ்சிபி (ஒரு மெஷின்லேந்து இன்னொண்ணுக்கு ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) அடிச்சுக்கிட்டு இருக்கான். நானும் ஒரு காலத்துல இதே கூத்து பண்ணவன்தான். சர்வரோட அட்ரஸ் உங்களுக்குத் தெரியும், ஆனா உங்க லேப்டாப் ஏதோ ஒரு வைஃபை ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கு, சர்வரால அதைத் தேடி வர முடியாது. அதனால அனுப்பறதோ எடுக்கறதோ, கமாண்டை உங்க மெஷின்லதான் அடிக்கணும்.

மேக், லினக்ஸ்னா டெர்மினல், விண்டோஸ் 10, 11-ன்னா பவர்ஷெல், தனியா எதுவும் போட வேணாம். முதல்ல எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள லாகின் பண்ற கமாண்ட்) உள்ள போக முடியுதான்னு பாருங்க, அது போகலைன்னா இதுவும் போகாது, ரெண்டும் ஒரே வழி, வழக்கமா 22-ம் நம்பர் போர்ட். முதல் தடவை "இந்த மெஷினை நம்பலாமா"ன்னு கேக்கும், 'யெஸ்'னு முழுசா அடிக்கணும், வெறும் 'ஒய்' போதாது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில ஒண்ணும் தெரியாது, கீபோர்ட் போச்சுன்னு பயந்துடாதீங்க.

இப்போ அனுப்பறது (இங்க தமிழ்ல எழுதறேன், நீங்க ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க; யூசர்னா சர்வர்ல உங்க லாகின் பேர், ஐபின்னா சர்வரோட அட்ரஸ், டிஎம்பி சர்வர்ல இருக்கற ஒரு ஃபோல்டர்):

எஸ்சிபி ரிப்போர்ட்.டிஎக்ஸ்டி யூசர்@ஐபி:/டிஎம்பி/

எடுக்கறது:

எஸ்சிபி யூசர்@ஐபி:/டிஎம்பி/ஆப்.லாக் .

எங்கேந்து முன்னாடி, எங்க பின்னாடி, அவ்ளோதான். கடைசியில இருக்கற புள்ளி "நான் இப்போ இருக்கற ஃபோல்டர்ல போடு"ன்னு அர்த்தம், அதை விட்டுட்டா கமாண்டே ஓடாது. ஆனா அதைவிட மோசம் கோலன். அனுப்பும்போது ஐபிக்கு அப்புறம் கோலனே போடாம விட்டீங்கன்னா எரர் வராது, உங்க லேப்டாப்லயே யூசர்@ஐபி-ங்கற பேர்ல ஒரு காப்பி உக்காந்திருக்கும், நீங்க அனுப்பிட்டோம்னு நெனச்சு டீ குடிக்கப் போயிடுவீங்க. கோலனுக்கு அப்புறம் ஸ்பேஸும் கூடாது.

ஃபோல்டரா இருந்தா எஸ்சிபிக்கு அடுத்து சின்ன எழுத்துல -ஆர் சேருங்க. போர்ட் 22 இல்லைன்னா பெரிய எழுத்துல -பி போட்டு நம்பர். எஸ்எஸ்ஹெச்ல அதே வேலைக்கு சின்ன பி, இங்க சின்ன பி போட்டா ஃபைலோட பழைய தேதியை அப்படியே வெக்கும், ஏன்தான் இப்படி வெச்சாங்களோ. இந்த ரெண்டு கமாண்டும் வர்ற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேர்ல 9.0-ல (2022) இருந்து எஸ்சிபி உள்ளுக்குள்ள எஸ்எஃப்டிபிங்கற இன்னொரு காப்பி முறையிலதான் ஓடுது, அதனால ஏதாவது அரதப்பழசு சர்வர் முரண்டு பிடிச்சா பெரிய எழுத்துல -ஓ போட்டுப் பாருங்க.

பெரிய ஃபைல்னா எஸ்சிபி வேணாம். நம்ம ஊர்ல நவம்பர் மழைக்கு கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், 10 ஜிபியில 9 ஜிபி வந்து அறுந்தா எஸ்சிபி மறுபடி முதல்லேந்து ஆரம்பிக்கும், வயித்தெரிச்சல். ஆர்சிங்க் (rsync) இன்னொரு காப்பி கமாண்ட், அது விட்ட எடத்துலேந்து தொடரும்:

ஆர்சிங்க் -ஏவி -பி யூசர்@ஐபி:/டிஎம்பி/பேக்கப்/ பேக்கப்/

இங்க ஏவி சின்ன எழுத்து, பி பெரிய எழுத்து. அந்த பி-தான் பாதி வந்ததைத் தூக்கிப் போடாம வெச்சுக்கும். முதல் பாதையோட கடைசி சாய்கோட்டைப் பாருங்க, அது இருந்தா ஃபோல்டருக்குள்ள இருக்கறது மட்டும் வரும், இல்லைன்னா ஃபோல்டரே வந்து பேக்கப்புக்குள்ள இன்னொரு பேக்கப் ஆயிடும். சந்தேகமா இருந்தா சின்ன -என் சேர்த்து ஓட்டுங்க, எதையும் காப்பி பண்ணாம என்னென்ன வரும்னு மட்டும் காட்டும். ஆர்சிங்க் ரெண்டு பக்கமும் இருக்கணும், பவர்ஷெல்ல கிடையாது, விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டுக்கோங்க.

தம்பியோட லாக் ஃபைல் வெறும் 4 எம்பி, கமாண்டை அவன் லேப்டாப்ல அடிச்சதும் ரெண்டு செகண்ட்ல வந்துடுச்சு.