அந்தி வேட்டைக்கு ஸ்கோப் வாங்குமுன்

ஜெர்மனியில் மான்களும் காட்டுப்பன்றிகளும் காட்டோரத்தை விட்டு வயலுக்கு இறங்குவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். அந்நாட்டு வேட்டைச் சட்டப்படி, மான் வேட்டைக்குக் கதிரவன் மறைந்த பின் ஒன்றரை மணி நேரம் வரை அனுமதி உண்டு. காட்டுப்பன்றிக்கு அந்த இரவுத் தடையும் இல்லை. ஆகவே அங்கே உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்பவர் ஸ்கோப் எனும் துப்பாக்கித் தொலைநோக்கியை வாங்கும்போது, எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைவிட, கடைசி அரை மணி நேரத்தில் எவ்வளவு ஒளியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

8x56 என்று பொறித்திருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 56 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 56-ஐ 8-ஆல் வகுத்தால் கிடைக்கும் 7 மில்லிமீட்டர்தான் கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அகலம். துப்பாக்கியில் பூட்டாத ஸ்கோப்பை வானத்தை நோக்கிக் கை நீட்டிப் பிடித்தால், கண்வில்லையின் நடுவே அந்த வட்டம் வெண்பொட்டாகத் தெரியும். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறைந்து, ஐம்பதைக் கடந்த பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்டவர் 56 மில்லிமீட்டர் வில்லையின் எடையைச் சுமப்பதால் பெறும் பயன் குறைவு. 50 போதும் என்பது என் கருத்து. உருப்பெருக்கம் 3 முதல் 12 வரை மாறும் 3-12x56 போன்ற ஸ்கோப்பை 12-இல் வைத்தால் ஒளிவட்டம் 4.7 மில்லிமீட்டராகச் சுருங்கும் என்பதால், இருட்டும்போது வளையத்தைக் குறைவான உருப்பெருக்கத்துக்குத் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களில் காணும் அந்திக் காரணி, உருப்பெருக்கத்தையும் முன்வில்லையின் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த வெறும் கணக்கு; கண்ணாடியின் தரம் அதில் இல்லை. பூச்சில்லாத வில்லையின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுகிறது; ஸ்கோப்புக்குள் அத்தகைய பரப்புகள் பல. 1935-இல் ட்ஸைஸ் என்ற ஜெர்மன் ஒளியியல் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்தக் குறையைத்தான் தீர்த்தது. எல்லாப் பரப்புகளுக்கும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

தொலைவுக்குச் சுடுபவர்க்கு வேறு தேவைகள் உள்ளன. கண் சற்று நகர்ந்தாலும் குறி இலக்கின் மீது நகர்வதுபோல் தோன்றும் இடமாறு தோற்றப்பிழையைச் சரிசெய்யும் திருகு வேண்டும். குறியை நகர்த்தும் திருகின் ஒரு கிளிக் 0.1 மில் (மில் என்பது தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு) என்றால், குண்டு படும் இடம் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டரும் 300 மீட்டரில் 3 சென்டிமீட்டரும் நகரும். குறிக்கோடுகள், உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லைகளுக்கு முன்னால் உள்ள முதல் குவியத்தளத்தில் இருந்தால் அவற்றின் அளவீடு எல்லா உருப்பெருக்கத்திலும் பொருந்தும். ஆனால் உருப்பெருக்கத்தைக் குறைக்கையில் கோடுகள் மெலிந்து அந்தியில் மறைந்துபோகும். அந்தி வேட்டையே முதன்மை என்றால் கோடுகளின் தடிமன் மாறாத இரண்டாம் தளமும், குறிக்கோடுகளின் நடுவே மிக மங்கலாகக் குறைக்கத்தக்க ஒளிப்புள்ளியும் மேல். கூசும் புள்ளி விலங்கையே மறைத்துவிடும்.

ஒளி மங்கிய பின் 150 மீட்டரே எனக்கு நெடுந்தொலைவு. குட்டிகளை வளர்க்கும் தாய்ப்பன்றியைச் சுடுவதைச் சட்டம் தடுக்கிறது. புல்லுக்குள் குட்டிகள் இல்லை என்பது உறுதியாகும்வரை விசையைத் தொடக்கூடாது. அதைப் பார்த்தறிய வேண்டியதும் பைனாகுலரில்தான். தெரியாத உருவத்தின் மீது துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பது பெரும் பிழை.

கடை விளக்கொளியில் எல்லா ஸ்கோப்பும் தெளிவாகத்தான் தெரியும். இரண்டு ஸ்கோப்புகளை அந்தியில் வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரே உருப்பெருக்கத்தில் வைத்து, தொலைவிலுள்ள மரத்தடி நிழலை மாறி மாறிப் பாருங்கள். எதில் கிளைகள் கடைசிவரை தனித்தனியாகத் தெரிகின்றனவோ அதை வாங்குங்கள்.