பரிசு பெற்ற காய்கனிகளைப் படமெடுக்கும் முறை: பெங்களூர்க் கண்காட்சிகளை முன்வைத்து

முதல் பரிசு பெற்ற கத்தரிக்காயின் படமும் கடையில் வாங்கிய கத்தரிக்காயின் படமும் ஒன்றுபோலத் தோன்றினால், நடுவர் கண்டதைப் படமெடுத்தவர் காணவில்லை என்றே கொள்ளவேண்டும். ஒரு தட்டில் வைக்கப்பட்ட காய்கள் யாவும் ஒரே அளவில் இருக்கின்றனவா, நிறமும் வடிவமும் அந்த இரகத்துக்கு உரியவையா, தோலில் பூச்சிக்கடியோ கீறலோ உண்டா, காம்பு வாடாமல் இருக்கிறதா என்பவற்றையே நடுவர்கள் பொதுவாகப் பார்க்கிறார்கள். ஆகவே கேமராவை எடுக்கும் முன் மேசையைச் சுற்றி வந்து, பரிசு பெற்ற தட்டையும் அதற்குப் பக்கத்தில் பரிசு பெறாத தட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வேறுபாடு எதுவோ அதுவே படத்தின் பொருள்.

பெங்களூரில் இதற்கு வாய்ப்புகள் குறைவில்லை. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க்காட்சி நடக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் ஜிகேவிகே வளாகத்தில், பெரும்பாலும் நவம்பரில், கிருஷி மேளா என்ற வேளாண் திருவிழாவை நடத்துகிறது. ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் கண்காட்சி வைக்கிறது. இவற்றில் எதற்குப் போனாலும் முதல் நாள் காலையில், வாயில் திறக்கும் நேரத்திலேயே போய்விடவேண்டும். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம் மட்டுமே. கீரையும் வெண்டையும் அடுத்த நாளே வாடத் தொடங்கிவிடும்; அதன்பின் எடுக்கும் படம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் பரிசுக்குரிய காயைக் காட்டாது.

வெளிச்சத்தைப் பருவம் தீர்மானிக்கிறது. ஆகஸ்ட் நடுவில் பெங்களூரில் நண்பகல் சூரியன், அதாவது சுமார் 12.25 மணிக்கு, ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். மேகம் விலகி வெயில் அடித்தால் காயின் மேற்பகுதி வெளுத்து, அடிப்பகுதி கறுத்துவிடும். ஆனால் அது பருவமழைக் காலமாகையால் பெரும்பாலும் வானம் மூடியிருக்கும். அந்த மென்மையான வெளிச்சம் படமெடுப்பவருக்குக் கிடைத்த வரம். ஜனவரியில் வானம் தெளிவாக இருப்பதால், 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட லால்பாக் கண்ணாடி மாளிகைக்குள்ளும் கூரையின் இரும்புச் சட்டங்கள் பொருள்கள்மேல் நிழல்கோடுகளை விழச்செய்யும். கோடு நகரும்வரை காத்திருக்கலாம்; அல்லது கூட வந்தவரைக் குடையோ வெள்ளைத் துணியோ பிடித்து நிற்கச் சொல்லலாம்.

பலரும் தவறவிடுவது தொலைவு. ஐந்து மாதுளைகள் ஒரே அளவில் இருந்ததற்காகப் பரிசு பெற்றிருக்கின்றன என்று கொள்வோம். கைப்பேசியை நெருங்கப் பிடித்து, முதல் பழம் 20 செ.மீ. தொலைவிலும் கடைசிப் பழம் 40 செ.மீ. தொலைவிலும் இருக்குமாறு எடுத்தால், கடைசிப் பழம் பாதி அளவில்தான் தெரியும். எந்தக் குணத்துக்காகப் பரிசு கிடைத்ததோ அதையே படம் பொய்யாக்கிவிடுகிறது. ஒரு மீட்டர் பின்னால் நகர்ந்து, கைப்பேசியில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸையோ, கேமராவில் 85 முதல் 100 மி.மீ. வரையிலான லென்ஸையோ பயன்படுத்தினால், கடைசிப் பழம் முதல் பழத்தைவிட ஏழில் ஒரு பங்கு மட்டுமே சிறியதாகத் தெரியும். தட்டுக்கு நேர் மேலிருந்து எடுத்தால் வேறுபாடே இராது; ஆனால் பழத்தின் உருட்சி தெரியாமல் போகும் என்பதால் எனக்கு அந்தக் கோணம் பிடிப்பதில்லை. சாய்வான கோணத்தில் ஒரு படமும், கணக்குக்காக நேர் மேலிருந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டால் போதும். கேமரா லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்தால் எல்லாப் பழங்களும் தெளிவாக விழும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் துளையை அகலத் திறப்பது இங்கே பொருந்தாது.

தோலின் இயல்பு காய்க்குக் காய் வேறுபடுவதால் ஒவ்வொன்றையும் தனியாகவே அணுகவேண்டும். கத்தரிக்காயின் மினுமினுப்பு அதன் புதுமைக்குச் சான்று. லென்ஸின் முன் பொருத்தும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு குறையும், முழுவதும் அழித்துவிட்டால் காய் பழையதாகத் தோன்றும். ஒரு நீண்ட ஒளிக்கோடு மட்டும் எஞ்சும் வரை சுழற்றி நிறுத்துவதே சரி. இந்த வடிகட்டி சுமார் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரட்டிப்பாகும்) ஒளியைக் குடித்துவிடும் என்பதையும், எவர்சில்வர்த் தட்டின் பளபளப்பை அது அடக்காது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பாகற்காயின் முள்முடிச்சுகளும் தேவனஹள்ளிப் பம்பளிமாஸின் தோற்குழிகளும் பக்கவாட்டு ஒளியில்தான் எழுந்து தெரியும். பெங்களூர் நீலத் திராட்சையின் மேலும் சாம்பல் பூசணியின் மேலும் படிந்திருக்கும் வெண்பூச்சு அழுக்கன்று. கைபடாமல் பறித்து வந்ததற்கான அடையாளம் அது. அதைத் துடைப்பதும், அழகுக்காக நீர் தெளிப்பதும் போட்டியாளருக்குச் செய்யும் தீங்கு. பொதுவாகவே, வைக்கப்பட்ட பொருள் எதையும் தொடாமல், ஒரு வெள்ளைத் தாளை நிழற்பக்கம் பிடித்து ஒளியைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கருதும். அதனால் படத்தை நிறைத்து நிற்கும் காலிஃபிளவரும் முள்ளங்கியும் மங்கிப்போகும். கத்தரியும் கருந்திராட்சையும் வெளுத்துவிடும். வெள்ளைக் காய்க்கு வெளிச்சத்தை ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்டியும், கருங்காய்க்கு அதே அளவு குறைத்தும் எடுக்கவேண்டும். தக்காளி, மிளகாய், மாதுளை ஆகியவற்றின் சிவப்பு எளிதில் வழிந்து, தோலின் நுணுக்கம் மறைந்து, பெயின்ட் பூசியதுபோல் ஆகிவிடும். மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் அது தப்பும். கைப்பேசியில் காயின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியக் குறியைக் கீழே இழுப்பதும் இதே வேலையைச் செய்யும்.

நிறத்தைக் கெடுப்பதில் ஷாமியானாத் துணிக்கு நிகர் வேறில்லை. சிவப்பும் மஞ்சளுமான கூரைத்துணி வழியே வரும் ஒளியில் வெண்டைக்காய்கூடப் பழுத்ததுபோல் தோன்றும். ஒரு சாம்பல் அட்டையை, இல்லையென்றால் சாயமற்ற வெள்ளைத் தாளை, காயின் அருகே அதே ஒளியில் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்து வெள்ளை வெள்ளையாகவே தெரியுமாறு நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து அமைத்துக்கொள்ளலாம். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாகச் சேமித்தால் வீட்டில் வந்தும் திருத்தமுடியும். எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்குக் கோடுகள் தோன்றினால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைக்கவேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன.

கேமராவைத் தாங்கும் முக்காலிக்கு அனுமதி உண்டா என்று வாயிலிலேயே கேட்டுவிடவும். கூட்டத்தில் அது அடுத்தவர் காலுக்கு இடைஞ்சல். கையில் பிடித்தே எடுப்பதாயின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800 வரை தயங்காமல் உயர்த்தலாம்.

பெரிய பூசணி, நீண்ட புடலை போன்றவற்றுக்கு அளவுகோல் தேவை. விளைவித்தவரையே பக்கத்தில், காய் இருக்கும் அதே தொலைவில் நிற்கச் செய்யவேண்டும். காயை முன்னே வைத்து ஆளைப் பின்னால் நிறுத்தினால் அது ஏமாற்றுப்படம் ஆகிவிடும். படமெடுக்கும் முன் அவரிடம் அனுமதி பெறுவது முறை. ஓசூர், ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் தமிழிலேயே பேசுவார்கள். மற்றவரிடம் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டாலும் முகம் மலரத்தான் செய்யும்.

பரிசு அட்டையும் காயும் சேர்ந்த படம் ஒன்று, அட்டை மட்டும் நெருக்கமாக ஒன்று, அட்டை இல்லாமல் காய் மட்டும் ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். அட்டை பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். எழுத்து தெளிவாக விழுந்திருந்தால் பிறகு படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். இரகத்தின் பெயரையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். ஹெசரகட்டா நிறுவனம் வெளியிட்ட இரகங்களின் பெயர்கள் ‘அர்க்கா’ என்று தொடங்குவதால், ‘அர்க்கா ரக்ஷக்’ என்று எழுதியிருந்தால் அது அவர்களுடைய தக்காளி என்று தெரிந்துகொள்ளலாம். எடுத்த படத்தை விவசாயிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பவும். புகைப்படமாகப் போனால் அது சுருக்கப்பட்டு, அவர் பெரிதாக அச்சிட நினைக்கும்போது பயன்படாமல் போகும்.