டவர் ஃபுல், ஆனால் நெட் ஓடலையா? ஆன்டெனாவை இப்படித் திருப்பிப் பாருங்க

சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் அஞ்சு கோடும் நிற்கிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், பல சமயம் சிக்னல் குறைச்சல் காரணமில்லை, வேண்டாத சிக்னல் அதிகம். 4ஜியில் ஒரே கம்பெனியின் அக்கம்பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன; எங்க வேலூர் சத்துவாச்சாரியில் மூணாவது மாடிக்கு ஏறினால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி வரை திறந்து கிடக்கும், அங்கே இருக்கும் டவரெல்லாம் உங்கள் ரவுட்டர் காதில் கத்தும்.

கோடுகளை மறந்துவிட்டு ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறங்கள். ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்பது உங்கள் டவரின் பலம். எஸ்ஐஎன்ஆர் (SINR) என்பது அந்தப் பலம் மற்ற இரைச்சலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. முதல் எண் -80 இருந்தும் இரண்டாவது 3-லேயே கிடந்தால் பிரயோஜனமில்லை. -95-க்கு 15 வந்தால் அதுவே மேல். ரெண்டு ஆன்டெனா மாட்டியும் வேகம் ஏறவில்லை என்று புலம்புகிறவர்களுக்கும் இதுதான் பதில், ஏனென்றால் எஸ்ஐஎன்ஆர் சரிந்தால் நெட்வொர்க் இரண்டு ஸ்ட்ரீமை (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு டேட்டா ஓட்டம்) விட்டு ஒன்றுக்கு இறங்கிவிடும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாடி ஏறுங்கள். விடியற்காலையில் பக்கத்து டவர்கள் சும்மா கிடப்பதால் எண் அழகாகக் காட்டி ஏமாற்றும். பேனல் ஆன்டெனாவை (ஒரு திசையை மட்டும் பார்க்கும் தட்டை ஆன்டெனா) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் பொறுத்து, எஸ்ஐஎன்ஆரையும் பிசிஐ (PCI) எண்ணையும் (எந்த செல், அதாவது டவரின் எந்தப் பிரிவு, என்று அதுதான் சொல்லும்) தாளில் எழுதுங்கள். பலமான டவரைப் பார்த்துத்தான் வைக்கணும் என்றில்லை, உயரத்தில்தான் வைக்கணும் என்றும் இல்லை. எனக்கு நல்ல எண் கிடைத்தது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே: ஒரு பக்கம் தொட்டி மறைத்தது, இன்னொரு பக்கம் மலை. மரமில்லாத மலை என்று நம்ம ஊரைக் கேலி செய்வார்களே, அந்த மொட்டைப் பாறைதான்!

தனித்தனி ஆன்டெனா என்றால் ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, மற்றதை வலப்பக்கம் 45 டிகிரி சாயுங்கள். கேபிள் நீளக்கூடாது. ரவுட்டரில் பேண்ட் பூட்டும் வசதி (ஒரே அலைவரிசையில் நிறுத்தி வைப்பது) இருந்தால் 2300 மெகாஹெர்ட்ஸை முயலுங்கள். 850, 900 வெகுதூரம் பாய்வதால் தூரத்து டவரும் வந்து கெடுக்கும்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் மாட்டினால் சட்டப்படி தப்பு, அப்புறம் இரைச்சலையும் பெருக்கி டவருக்கே அனுப்பித் தெருவுக்கே ஃபோன் பேச்சு கட்டாகும்.

எண் பிடித்ததும் கம்பத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஆடிக் காற்று திருப்பிவிடும், இல்லாவிட்டால் மலையிலிருந்து இறங்கும் குரங்கு தொங்கிவிடும்.