சிவி ஜாயின்ட் கோப்பதற்கு முன் ரப்பர் பூட் உறையைத் தேடுங்கள்

ஆல்ட்டோ, சான்ட்ரோ மாதிரி முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்ஸிலை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை (ஷாஃப்ட்), கழற்றுவது பெரிய வித்தை இல்லை, அதன் முனைகளில் உள்ள சிவி ஜாயின்ட்டை (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியை விடாமல் கடத்தும் மூட்டு) திரும்பக் கோக்கும்போதுதான் விழி பிதுங்கும். பாகங்களைக் கழுவி, துடைத்து, சுத்தமான துணியில் பரப்பியாயிற்றா? சரி, முதலில் ரப்பர் பூட்டும் (ஜாயின்ட்டை மூடும் மடிப்பு உறை) அதன் சின்ன கிளாம்ப்பும் ஷாஃப்ட்டில் ஏறட்டும், முனைப் பற்களில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ரப்பர் கிழியாது. முதல் தடவை நான் ஜாயின்ட், சர்க்ளிப் (ஜாயின்ட்டை ஷாஃப்ட்டில் பிடித்து வைக்கும் கம்பி வளையம்), கிரீஸ் எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பூட் ஸ்டூல் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

சக்கரப் பக்க ஜாயின்ட்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள். உள் ரேஸை (குண்டுகள் ஓடும் பள்ளங்கள் உள்ள நடு வளையம்) முதலில் கேஜுக்குள் (குண்டுகளைப் பிடிக்கும் ஜன்னல் வைத்த வளையம்) குறுக்காகத் திருப்பி நுழையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, கேஜைச் செங்குத்தாக நிறுத்தி, எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் ஜாயின்ட்டின் வெளிக் கிண்ணத்தில் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளுக்கு நேராக வரும்படி இறக்கினால் வழுக்கிக்கொண்டு போகும், படுக்கவைத்து அழுத்தினால் ஜென்மத்துக்கும் போகாது. கழற்றும்போது பெயின்ட் புள்ளி வைத்திருந்தால் எந்தப் பக்கம் வெளியே என்ற குழப்பமே இல்லை. கேஜை ஒரு பக்கம் சாய்த்தால் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் மேலே எழும், அதில் ஒரு குண்டு, அடுத்து நேர் எதிரே ஒன்று, இப்படியே ஆறும். சுத்தியலைத் தொடவே வேண்டாம், கட்டைவிரல் போதும்.

கிரீஸ் பூட்டோடு வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ்தான். வீட்டில் கிடக்கும் மஞ்சள் கிரீஸை அடைக்காதீர்கள், குண்டு உருண்டு வழுக்கும் இடத்தில் இருக்கும் அழுத்தத்தை அது நெடுநாள் தாங்காது. பாக்கெட்டில் பாதி ஜாயின்ட்டுக்குள், மீதி பூட்டுக்குள்.

ஷாஃப்ட் முனையில் புது சர்க்ளிப் போட்டு, ஜாயின்ட்டை அதில் பொருத்தி, பழைய ஹப் நட்டை (ஆக்ஸிலைச் சக்கர ஹப்போடு இறுக்கும் நட்) ஜாயின்ட்டின் மரையில் திருகிவிட்டு, அதன் மேல் மரச்சுத்தியால் தட்டினால் 'டக்' என்று உட்காரும். பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

கியர்பாக்ஸ் பக்கம் மூன்று ரோலர் உள்ள ட்ரைபாட், அதுவும் போட்ட குறிப்படியே. பூட்டின் பெரிய கிளாம்ப்பை இறுக்குமுன் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பூட் உப்பி நிற்கும்.

அப்புறம் கியர்பாக்ஸ் சீலின் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பற்கள் அதைக் கீறாமல் ஷாஃப்ட்டை நேராக நுழையுங்கள். வழிந்துபோன கியர் ஆயிலை ஊற்றி அளவைச் சரிபாருங்கள். புது ஹப் நட், மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்க அளவு), காரைத் தரையில் இறக்கியபின். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், இரண்டு பக்கமும். 'கடகட' வரவில்லையென்றால் மறுநாள் காலை ரிம்மின் உள்பக்கத்தை மட்டும் பாருங்கள், கறுப்புத் தெறிப்பு இருந்தால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை.