"90" வேறு, 90 வேறு: ஜாவாஸ்கிரிப்டில் வெவ்வேறு வகை மதிப்புகளை ஒப்பிடுவது எப்படி?

இணையப் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியில் பயனர் 90 என்று அடிக்கிறார். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு வந்து சேர்வது தொண்ணூறு என்ற எண் அல்ல. 9, 0 என்ற இரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). அந்தப் பெட்டியை எண்களுக்கு மட்டும் என்று அமைத்திருந்தாலும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால் புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பிழைச் செய்தியும் வராது. விடை மட்டும் எப்போதாவது தப்பாக வரும்.

பல பாடங்களில் "மூன்று சமக்குறி போடு, பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி மருந்துதான். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே பார்ப்போம்.

படி 1: கன்சோலைத் திறந்துகொள்ளுங்கள்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவாக இருந்தாலும் கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற தாவலுக்குப் போங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே கீழே உள்ள வரிகளை அப்படியே அடித்து என்டர் தட்டலாம், வேலை செய்யும். அம்புக்குறிக்குப் பின்னால் இருப்பது விடை, அதை அடிக்க வேண்டாம். ட்ரூ, ஃபால்ஸ் போன்ற விடைகளை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். கன்சோல் அவற்றை ஆங்கில எழுத்தில் காட்டும்.

விலை = "90"
விலை + 10 → "9010"
விலை - 10 → 80

இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதால் விலை ஒரு ஸ்ட்ரிங். கூட்டல் குறிக்கு ஸ்ட்ரிங்குகளை ஒட்டும் வேலையும் உண்டு, அதனால் ஒட்டிவிட்டது. கழித்தலுக்கு அப்படி ஒரு வேலை கிடையாது, அதனால் ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிக் கழித்தது. கேட்காமலேயே வகையை மாற்றிக்கொள்ளும் இந்தக் குணம்தான் ஒப்பீட்டிலும் வருகிறது.

(சொந்த நிரலில் எழுதும்போது மாறியின் பெயருக்கு முன்னால் லெட் அல்லது கான்ஸ்ட் சேர்க்க வேண்டும். கன்சோலில் பழகிப் பார்க்க இதுவே போதும்.)

படி 2: இரண்டு சமக்குறியும் மூன்று சமக்குறியும்

"90" == 90 → ட்ரூ
"90" === 90 → ஃபால்ஸ்

இரண்டு சமக்குறி, வகை வேறாக இருந்தால் மாற்றிப் பார்த்து ஒப்பிடும். மூன்று சமக்குறி எதையும் மாற்றாது. வகை வேறென்றால் அங்கேயே ஃபால்ஸ். சமமில்லை என்று கேட்க முறையே != மற்றும் !== உள்ளன.

ஏன் இரண்டு விதம்? பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் இளக்கமாக ஒப்பிடும் வழக்கம் அந்தத் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. 1999 டிசம்பரில் வெளியான எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டுக்கான தரநிலை) மூன்றாம் பதிப்பில் மூன்று சமக்குறி தரநிலைக்குள் வந்தது. பழைய இரண்டு சமக்குறியை நீக்கவோ திருத்தவோ முடியவில்லை. அதை நம்பி எழுதிய பக்கங்கள் உடைந்துவிடும் என்பதால் இன்றுவரை இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன.

படி 3: இரண்டு சமக்குறிக்குள் நடப்பது என்ன?

நீளமான அட்டவணைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு பக்கம் எண், மறுபக்கம் ஸ்ட்ரிங் என்றால் ஸ்ட்ரிங் எண்ணாக மாறும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான விடைகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

" 90 " == 90 → ட்ரூ
"90.0" == 90 → ட்ரூ
"" == 0 → ட்ரூ
"90 ரூபாய்" == 90 → ஃபால்ஸ்
"1,25,000" == 125000 → ஃபால்ஸ்
"௯௦" == 90 → ஃபால்ஸ்

முன்பின் இடைவெளிகள் கழிக்கப்படும். வெற்று ஸ்ட்ரிங் பூஜ்யமாகும், இது ரொம்பவும் ஆபத்தானது: பயனர் மதிப்பெண் பெட்டியைக் காலியாக விட்டதும், பூஜ்யம் என்று அடித்ததும் ஒன்றாகிவிடுகிறது. எண்ணாக மாற்றவே முடியாத எதுவும் நேன் ('எண் அல்ல') என்ற சிறப்பு மதிப்பாகும், அது எதற்கும் சமமாகாது. நம் ஊர் வழக்கப்படி லட்சத்துக்குக் காற்புள்ளி போட்டால் அதுவும் நேன்தான். தமிழ் எண்களையும் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பக்கம் பூலியனாக, அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸாக இருந்தால்? முதலில் ட்ரூ 1 ஆகவும் ஃபால்ஸ் 0 ஆகவும் மாறும், பிறகு மேலே சொன்ன விதி.

(1 < 2) == "1" → ட்ரூ
(1 < 2) == "2" → ஃபால்ஸ்
!!"2" → ட்ரூ

கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்துப் பாருங்கள் (!! என்பது ஒரு மதிப்பைப் பூலியனாக மாற்றிக் காட்டும்). "2" என்பதை இஃப் நிபந்தனைக்குள் தனியாகப் போட்டால் அது ட்ரூவாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் ட்ரூவோடு ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அதனால் ஒரு மதிப்பை ட்ரூவுக்குச் சமமா என்று கேட்கும் பழக்கமே வேண்டாம். இஃபுக்குள் அந்த மதிப்பை மட்டும் எழுதினால் போதும்.

இதே பூலியன் மாற்றம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். வயது 18 முதல் 60 வரை இருக்கிறதா என்று பார்க்க, கணக்கு நோட்டில் எழுதுவதுபோல எழுதத் தோன்றும்:

18 <= 75 <= 60 → ட்ரூ

முதலில் 18 <= 75 என்பது ட்ரூ. அடுத்து ட்ரூ <= 60 என்ற கேள்வி. ட்ரூ 1 ஆகிறது, 1 அறுபதைவிடச் சின்னது. எந்த வயதைக் கொடுத்தாலும் இது ட்ரூதான். சரியான வடிவம்:

வயது = 75
18 <= வயது && வயது <= 60 → ஃபால்ஸ்

படி 4: பெரியது, சிறியது

இந்தப் பாடத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இந்தப் படியைப் பற்றித்தான். சமமா என்று கேட்க மூன்று சமக்குறி இருக்கிறது. ஆனால் < மற்றும் > குறிகளுக்குக் கண்டிப்பான வடிவம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மூன்று சமக்குறியை மட்டும் நம்பியிருப்பவருக்கு இங்கே பாதுகாப்பு எதுவும் இல்லை.

விலை வடிகட்டி ஒன்று செய்கிறீர்கள். குறைந்த விலைக்கு ஒரு பெட்டி, அதிக விலைக்கு ஒரு பெட்டி.

குறைந்தது = "90"
அதிகம் = "100"
குறைந்தது < அதிகம் → ஃபால்ஸ்

இரண்டுமே ஸ்ட்ரிங் என்றால் எண்ணாக மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிறது, அதோடு தீர்ப்பு முடிந்தது. மூன்று இலக்கமா இரண்டு இலக்கமா என்று பார்ப்பதே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், 20, 30 என்று அடித்துச் சோதித்தால் சரியாக வரும். 100, 200 என்றாலும் சரியாக வரும். இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும்போதுதான் குளறுபடி. அதனால் சோதனையில் தப்பித்துப் பயனரிடம் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கமாவது எண்ணாக இருந்தால் மற்றதும் எண்ணாக மாறிவிடும்:

"90" < 100 → ட்ரூ

தேதிகளிலும் இதைப் பார்க்கலாம். நாம் வழக்கமாக எழுதும் நாள்-மாதம்-ஆண்டு வரிசை ஸ்ட்ரிங் ஒப்பீட்டுக்கு ஒத்துவராது:

"05-12-2023" < "01-01-2024" → ஃபால்ஸ்
"2023-12-05" < "2024-01-01" → ட்ரூ

ஆண்டை முன்னால் போட்டு, மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

அரேயை (மதிப்புகளின் பட்டியலை) வரிசைப்படுத்தும் சார்ட் வசதியும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் உறுப்புகளை ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் அடுக்கும். உள்ளே இருப்பவை அசல் எண்களாக இருந்தாலும்கூட! 5, 40, 100, 9 என்ற அரே 100, 40, 5, 9 என்று வந்து நிற்கும். எண் வரிசை வேண்டுமானால் சார்ட்டின் அடைப்புக்குறிக்குள் (அ, ஆ) => அ - ஆ என்று கொடுங்கள்.

படி 5: நல், அன்டிஃபைன்ட், நேன்

நல் என்பது 'வேண்டுமென்றே காலியாக வைத்தது', அன்டிஃபைன்ட் என்பது 'மதிப்பே கொடுக்கப்படாதது'. இரண்டு சமக்குறியில் இவை ஒன்றுக்கொன்று சமம். பூஜ்யத்துக்கோ வெற்று ஸ்ட்ரிங்குக்கோ ஃபால்ஸுக்கோ சமமில்லை. இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான், இரண்டு சமக்குறியை ஒதுக்கும் பலரும் ஒரு மதிப்பு 'நல்' தானா என்று கேட்க மட்டும் அதை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கேள்வியில் அன்டிஃபைன்டும் பிடிபடும்.

ஆனால் பெரியது சிறியது என்று கேட்டால் நல் பூஜ்யமாக மாறிவிடும். அதனால் நல் பூஜ்யத்துக்குச் சமமா என்றால் ஃபால்ஸ், பூஜ்யத்தைவிடப் பெரியதா என்றால் ஃபால்ஸ், பெரியது அல்லது சமமா என்றால் ட்ரூ. அன்டிஃபைன்ட் அதே இடத்தில் நேனாக மாறும், எல்லாமே ஃபால்ஸ்.

நேன் தனக்குத்தானே சமமில்லை (ஸ்ட்ரிங்குக்கு முன்னால் மட்டும் வரும் கூட்டல் குறி அதை எண்ணாக மாற்றப் பார்க்கும்):

மதிப்பு = +"மதுரை"
மதிப்பு === மதிப்பு → ஃபால்ஸ்

இது ஜாவாஸ்கிரிப்டின் கண்டுபிடிப்பு அல்ல. தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலையின் விதி, பைதானிலும் இப்படித்தான். ஒரு மதிப்பு தனக்கே சமமில்லை என்றால் அது நேன் என்று கண்டுகொள்ளலாம். நம்பர் என்பதற்குள் இருக்கும் இஸ்நேன் வசதி இதையே படிக்கத் தெளிவாகச் செய்கிறது.

படி 6: அரே

[90] == 90 → ட்ரூ
[90] == [90] → ஃபால்ஸ்

முதல் வரியில் அரே "90" என்ற ஸ்ட்ரிங்காகி, பிறகு எண்ணாகிறது. இரண்டாவதில் இரு பக்கமும் அரே. உள்ளே இருப்பதைப் பார்க்காமல், இரண்டும் ஒரே அரேதானா என்று மட்டுமே கேட்கப்படுகிறது. மூன்று சமக்குறி போட்டாலும் இதே விடை. உள்ளடக்கம் சமமா என்று தெரிய ஒவ்வொரு உறுப்பாகத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 7: உள்ளே வரும்போதே வகையை மாற்றுங்கள்

ஒப்பிடும் இடத்தில் உட்கார்ந்து யோசிப்பதைவிட, மதிப்பு நிரலுக்குள் நுழையும் இடத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. பெட்டிகள், இணைய முகவரியில் வரும் அளவுருக்கள், லோக்கல் ஸ்டோரேஜ் (உலாவிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) இவை மூன்றும் எண்ணைக்கூட ஸ்ட்ரிங்காகத்தான் தரும். தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசன் வடிவம் மட்டும் எண்ணை எண்ணாகவே வைத்திருக்கும், அதுவும் அனுப்பியவர் மேற்கோள் போடாமல் இருந்தால்.

மாற்றுவதற்கு, மதிப்பின் முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் போதும்:

எண்ணாக்கு = உரை => உரை === "" ? 0/0 : +உரை
எண்ணாக்கு("90") === 90 → ட்ரூ
எண்ணாக்கு("") → நேன்

காலியாக வந்தால் பூஜ்யமாக்காமல் நேனாக்குகிறோம் (0/0 என்பது நேன்). வெறும் இடைவெளிகளும் பூஜ்யமாகிவிடும் என்பதால், உரையை முதலில் ட்ரிம் செய்துவிட்டு (முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டு) இதற்கு அனுப்புங்கள். பார்ஸ்இன்ட் என்ற இன்னொரு வழியும் உண்டு. அது "90 ரூபாய்" என்பதிலிருந்து 90-ஐ எடுத்துத் தரும். ஆனால் "1,25,000" கொடுத்தால் காற்புள்ளியில் நின்றுவிட்டு 1 என்று தரும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் அதைத் தொடமாட்டேன். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்றுவதே சரி.

இப்படி மாற்றிய பிறகு எல்லா இடத்திலும் மூன்று சமக்குறியைப் பயன்படுத்துங்கள். ஸ்விட்ச் கட்டளையும், அரேக்குள் தேடும் இன்க்ளூட்ஸ் வசதியும் ஏற்கெனவே வகையை மாற்றாமல்தான் ஒப்பிடுகின்றன. ஸ்விட்ச்சில் எந்தக் கேஸும் பொருந்தாமல் டிஃபால்ட்டுக்கே போகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வகையைத்தான். டைப்ஆஃப் என்று போட்டு மாறியின் பெயரைக் கொடுத்தால் அது ஸ்ட்ரிங்கா எண்ணா என்று உடனே தெரிந்துவிடும்.

தமிழ் உரையை ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கே வகை ஒன்றாக இருந்தாலும் ஒப்பீடு தவறலாம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது, மூன்று சமக்குறி ஃபால்ஸ் என்று சொல்லும். இரண்டு ஸ்ட்ரிங்குகளையும் நார்மலைஸ் செய்துவிட்டு (ஒரே சேமிப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு) ஒப்பிட்டால் ட்ரூ வரும். பெயர்த் தேடல், ஊர்த் தேடல் எழுதும்போது இதை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். கொடுமுடி என்று சரியாக அடித்தவருக்கு 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற பதில் போகக் கூடாது.