கரையும் தாடை எலும்பு: நோயை நிறுத்திய பிறகே மறுசீரமைப்பு

பற்களில் சொத்தையோ ஈறுகளில் சீழோ இல்லாமல் கீழ்த்தாடைப் பற்கள் ஆடத் தொடங்கி, எக்ஸ்ரே படத்தில் எலும்பு அழிந்துகொண்டே போவது தெரிந்தால், கோர்ஹாம்-ஸ்டௌட் நோயையும் மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டும். கோர்ஹாமும் ஸ்டௌட்டும் 1955இல் விரிவாக விவரித்த இந்த அரிய நோயில், எலும்புக்குள் நிணநீர் நாளங்களும் இரத்த நாளங்களும் பெருக, எலும்பு கரைந்து அவ்விடத்தை நார்த்திசு நிரப்புகிறது. இது புற்றுநோய் அன்று. ஆயினும் புற்றுநோய், எலும்புத் தொற்று, நாளமில்லாச் சுரப்பிக் கோளாறு ஆகியவை இல்லை என்று திசுப் பரிசோதனை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் உறுதிசெய்த பிறகே இந்நோய் என முடிவுகட்ட இயலும். மார்பையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்; நுரையீரலைச் சுற்றி நிணநீர் தேங்கினால் இந்நோய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த வேலை, எலும்பு கரைவதை நிறுத்துவது. நிணநீர் நாளப் பெருக்கத்தைத் தடுக்கச் சிரோலிமஸும், எலும்பு அரிப்பைக் குறைக்கச் சோலெட்ரோனிக் அமிலமும் தனித்தனியாகவோ சேர்த்தோ தரப்படுகின்றன. சோலெட்ரோனிக் அமிலம் தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் மடியக்கூடும் என்பதால், பிடுங்க வேண்டிய பற்களை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. வைட்டமின் டி, கால்சியம் குறைவையும் முன்பே சரிசெய்ய வேண்டும். சிரோலிமஸ் வாய்ப்புண்ணை உண்டாக்கும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எனவே அறுவை சிகிச்சைக்கு முன் அதை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். கதிர்வீச்சு சிலருக்குப் பலன் தந்திருந்தாலும், வளரும் பிள்ளைகளின் தாடைக்கு அதை எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து.

தாடை முறிந்துவிட்டது, முகம் ஒடுங்குகிறது என்ற பதற்றத்தில் நோய் அடங்குமுன் எலும்பு ஒட்டுவைக்கக் கேட்கும் குடும்பங்களின் வேதனை புரிகிறது. ஆனால் இரத்த ஓட்டமற்ற ஒட்டெலும்பும் அதே நோயால் கரைந்துவிடக்கூடும். ஆகவே, அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களில் எலும்பு இழப்பு நின்றது தெரியும்வரை காத்திருந்து, அதுவரை மென்மையான உணவாலும் தாடைக்குத் தரும் தாங்கலாலும் சமாளிப்பது நல்லது.

நோய் அடங்கிய பின், எலும்பு கரைந்து விட்ட பெரிய இடைவெளிக்கு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய பிபுலா எலும்பை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்து, முப்பரிமாண மாதிரியின்படி வளைவுக்கேற்பத் துண்டித்து, டைட்டானியம் தகட்டால் பொருத்தி, கழுத்து இரத்தக் குழாய்களுடன் நுண்ணோக்கியின் துணையால் இணைக்கும் முறையே பெரிதும் கையாளப்படுகிறது. திருகாணிகள் நோயற்ற எலும்பில் ஊன்ற வேண்டும். கணுக்கால் நிலைகுலையாதிருக்கப் பிபுலாவின் கீழ்முனையில் சுமார் 6 முதல் 8 செ.மீ. விட்டுவைக்கப்படும். செயற்கைப் பல் வேர்களைப் பதிப்பது, புதிய எலும்பு ஒட்டிப்பிடித்து, நோய் திரும்பவில்லை என்பது ஸ்கேனில் தெரிந்த பிறகுதான்.